எட்டாவது சுற்றின் சீட்டு

பதினொரு வருசமாக என்னை வெல்ல முடியாமல் இருந்தவன் என் சிநேகிதன். மட்டையில் செய்த விண்கப்பல்களை மேசையில் வைத்து விளையாடும் ஒரு போர் விளையாட்டில்தான் இந்த வெற்றியும் தோல்வியும். நாற்பத்தாறு வயதில் இரண்டு ஆம்பிளைகள் மேசையைச் சுற்றிக் குனிந்து நின்று, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, கப்பலின் மூக்குத் தொட்டதா தொடவில்லையா என்று சண்டை பிடிப்பதைப் பார்த்து என் மனைவி வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறாள். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் அவன் இனிப் பிழைக்கமாட்டான் என்று தெரிந்த பிறகு அந்த மேசையில் நான் ஒரு காரியம் செய்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்மேல் கோபம் வருகிறது.

நான் துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை செய்கிறேன். கோதுமை ஏற்றிவரும் பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் இறங்குதுறையில் கட்டவைப்பது எங்கள் வேலை. அவன் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவன். வீடு பாலையூற்றில். வெளிநாட்டில் இருந்த அவனுடைய சொந்தக்காரன் ஒருவன் அனுப்பிய பொதியில் சப்பாத்துக்கும் சொக்கிளேற்றுக்கும் நடுவே இந்த விளையாட்டின் விதிப்புத்தகம் வந்து சேர்ந்தது. கப்பல்கள் வரவில்லை. அதனால் அவனே மட்டையில் வரைந்து, வெட்டி, சோடா மூடிகளில் ஒட்டினான். விதிகளைத் தமிழில் எழுதிப் போட்டோகொப்பி அடித்து எங்களுக்குத் தந்தான். அப்படியே ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டோம். வருசத்தில் இரண்டு போயா நாட்களில், பௌர்ணமி லீவில், அவன் பூசைக்குப் போகிற மாதா கோயில் மண்டபத்தில் போட்டி வைப்போம். புல்மோட்டையில் இருந்து ஒருவர் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார். அவர்தான் புள்ளி எழுதுகிறவர். தோற்றாலும் வென்றாலும் முகம் மாறாத மனிதர்.

இந்த விளையாட்டில் யாரும் நினைத்த மாதிரிக் கப்பலை நகர்த்த முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேரும் தங்கள் கப்பல்களுக்கான ஓடரை, அதாவது கட்டளையை, ஒரு சீட்டில் இரகசியமாக எழுத வேண்டும். எந்தக் கப்பல், எத்தனை அங்குல வேகம், எந்தப் பக்கம் திருப்பம். எழுதி முடித்துச் சீட்டுகளை ஒன்றாகத் திறக்க வேண்டும். திறந்தபிறகு ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது. எழுதியபடி கப்பல்களை நகர்த்தி, அதன்பிறகுதான் தாயக்கட்டை உருட்டிச் சுடலாம். ஒரு சுற்றில் வேகத்தை இரண்டுக்கு மேல் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. போன சுற்றில் ஓடிய ஓட்டம் இந்தச் சுற்றிலும் கூடவே வரும். எனக்கு இது வந்த நாளிலேயே பிடிபட்டது. ஒரு பெரிய கப்பல் நிற்க எவ்வளவு தூரம் எடுக்கும் என்று தெரிந்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

மண்டபத்தில் மின்விசிறி போட்டால் சீட்டுகள் பறக்கும். உடைந்துபோன கப்பல்களை எடுத்துச் சீட்டுகளின் மேல் பாரமாக வைப்பது எங்கள் வழக்கம். வேறு ஊரில் இதை எப்படி விளையாடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது, அதை ஏற்படுத்தியவன் அவன்தான். ஆட்டம் முடிந்ததும் புள்ளிச்சீட்டில் இரண்டு பேரும் கையொப்பம் வைக்க வேண்டும். ஒரு கையொப்பம் குறைந்தால் அந்த ஆட்டம் நடக்காத ஆட்டம். படத்தில் ஒரு கையெழுத்துக் குறைந்தால் காணிக்கு எல்லை இல்லை என்பான். கந்தோர்ப் புத்தி.

புள்ளி எண்ணுவதில்தான் நான் பெயர் எடுத்தேன், நல்ல பெயர் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஐந்நூறு புள்ளிக்குக் கப்பல்கள். தாய்க்கப்பல் ஒன்று இருநூறு, நடுத்தரக் கப்பல் இரண்டும் நூறு நூறு, சின்னக் கப்பல் இரண்டும் ஐம்பது ஐம்பது. எதிரியின் கப்பலை உடைத்தால் அதன் முழுப் புள்ளி. பாதி சேதப்படுத்தினால் பாதி. மேசையின் நடுவில் ஒரு பெரிய மூடி இருக்கும், அதை நிலையம் என்போம். எட்டாவது சுற்றுத்தான் கடைசி, அது முடியும்போது நிலையத்தைத் தொட்டு நிற்பவனுக்கு நூறு. ஒரு கப்பல் தன் சொந்தக்காரன் பக்கத்து விளிம்பால் வெளியே போனால் தப்பியது என்று கணக்கு, அதற்குப் பிறகு யாரும் அதைச் சுட முடியாது. வேறு விளிம்பால் போய்விட்டால் அந்தக் கப்பல் முழுதாகத் தொலைந்தது, அதன் புள்ளி எதிரிக்கு. என் வழி இதுதான்: முதலில் பாய்ந்து அடித்து ஐம்பது புள்ளி முன்னுக்கு வருவேன். கடைசிச் சுற்றில் மிச்சக் கப்பல்களைச் சுருட்டிக்கொண்டு என் விளிம்பால் ஓடிவிடுவேன். முன்னுக்கு நிற்கும்போது ஒரு தரம்கூட நிலையத்துக்காக நின்று சண்டை பிடித்தது கிடையாது. என்னை ஓட்டக்காரன் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும், வென்றது யார் என்று நானும் கேட்பேன்.

அவன் அழகாக விளையாடித் தோற்பான். ஐந்து கப்பலையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து, சரியான சுற்றில் ஒன்றாகத் திருப்புவான். பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்தத் திருப்பத்துக்கு நான் ஆயத்தமாக நிற்பேன். மற்ற எல்லாரையும் வென்று என்னிடம் வந்து தோற்பான். மண்டபச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது, வென்றவர்களின் பெயர் எழுத. அதில் என் பெயர் ஏழு இடத்தில் இருக்கிறது. ஏழையும் தூரிகை பிடித்து, அடிக்கோடு போட்டு எழுதியவன் அவன். அவனுடைய பெயர் அதில் இல்லை.

போன மாரிக்குக் கொஞ்சம் முன்னால் அவனுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொன்னார்கள். கொழும்புக்குப் போய்ப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தான். பிறகு ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று அவனும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் இருந்து, புதுத் தாய்க்கப்பல் ஒன்றுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தான். தூரிகை பிடித்த கை மட்டும் பழைய கை. மற்றதெல்லாம் வற்றிப்போய் இருந்தது.

"மச்சான், கடைசி ஆட்டத்தில நீயும் நானும்தான் வருவம்," என்றான். "ஒழுங்கா விளையாடு. எனக்கு உன்னை வெல்ல ஏலுமா ஏலாதா எண்டு தெரியவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

விட்டுத்தருவேன் என்று கனவு காணாதே என்று சொன்னேன். அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது. கன நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

போயா அன்றைக்கு அவனுடைய மனைவி ஒரு ஓட்டோவில் அவனைக் கூட்டிவந்தார். கதிரையில் போட ஒரு தலையணையும் பிளாஸ்கில் கஞ்சியும் வந்தன. முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்றான். ஆட்டங்களுக்கு இடையில் பின்னால் கிடந்த வாங்குப் பலகையில் படுத்திருந்தான். மற்றவர்கள் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே என் காதுக்குப் பக்கத்தில் வந்து, ஒருக்கா விட்டுக் குடுங்கோவன், என்ன குறைஞ்சுபோகும் என்று முணுமுணுத்தார்கள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சீறினேன். புல்மோட்டைக்காரர் மட்டும் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். சீறினேனே தவிர, அவர்கள் சொன்னது உள்ளே போய்விட்டது.

கடைசி ஆட்டம். ஐந்தாவது சுற்று முடிய எனக்கு இருநூறு, அவனுக்கு நூற்றைம்பது. அவனுடைய நடுத்தரக் கப்பல் ஒன்று உடைந்து, தாய்க்கப்பல் பாதி சேதம். என்னுடைய சின்னக் கப்பல் இரண்டும் போய், நடுத்தரம் ஒன்று பாதி சேதம். அவன் வழக்கத்தைவிட நன்றாக விளையாடிக்கொண்டிருந்தான். என் தாய்க்கப்பல் மேசையின் பக்க விளிம்பை நோக்கி எட்டு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. விளிம்புக்கு ஆறு அங்குலம்தான் மிச்சம். ஆறாவது சுற்றில் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் திருப்ப வேண்டும். பச்சைப்பிள்ளையும் அதைத்தான் எழுதும்.

அப்போது அவன் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். யன்னலால் பார்த்தேன். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து சத்தி எடுத்தான். சேர்ட்டுக்கு மேலாலேயே முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முகத்தைக் கழுவினான், துடைத்தான், உள்ளே வந்து தலையணையில் இருந்தான். எழுதுவோம் என்றான்.

நான் எழுதினேன்: தாய்க்கப்பல், வேகம் எட்டு, நேர்.

சீட்டுகளைத் திறந்தோம். புல்மோட்டைக்காரர் என் ஓடரை வாசித்தார், அளவு நாடாவை வைத்து என் தாய்க்கப்பலை விளிம்புக்கு வெளியே எடுத்தார். இருநூறு புள்ளி அவன் பக்கம் போனது. இனி மிச்ச இரண்டு சுற்றிலும் நான் பிடிக்க முடியாது. யாரோ மெல்லக் கை தட்டினார்கள். நான் தலையில் கை வைத்து, பிழைவிட்டுவிட்டேன் என்று நடித்தேன். நல்ல நடிகன் என்று எனக்கு நினைப்பு.

அவன் கை நீட்டி என் சீட்டை எடுத்தான். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மிச்சச் சுற்றுகள் விளையாடத் தேவையில்லை என்றான். புல்மோட்டைக்காரர் புள்ளிச்சீட்டைக் கொண்டுவந்து வைத்தார். நான் கையொப்பம் வைத்தேன். அவன் பேனையைத் தொடவில்லை.

"இது இழுவைப்படகில வேலை செய்யிறவன் எழுதிற ஓடர் இல்லை," என்றான்.

களைப்பில் பிழைவிட்டேன் என்றேன்.

"நீ பிழை விடேல்லை. எனக்குப் பிச்சை போட்டனீ."

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முகம் கொதித்தது. பிடிபட்டவனுக்கு வருகிற கோபம் பொல்லாதது, அதிலும் நல்லது செய்யப்போய்ப் பிடிபட்டால் இன்னும் மோசம். எனக்கு வாய் எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடும்.

"தந்ததை வாங்கிக்கொண்டு போ," என்றேன். "இனி எப்ப நீ என்னை வெல்லப் போறாய்?"

வாசலில் பிளாஸ்கோடு நின்ற அவனுடைய மனைவிக்கும் அது கேட்டது. அவன் சீட்டுகளின் மேல் பாரமாகக் கிடந்ததும் மேசையில் நின்றதுமாக எல்லாக் கப்பல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து பிஸ்கட் ரின்னுக்குள் வைத்தான். எல்லா ஓடர்ச் சீட்டுகளையும் எழுதாத புள்ளிச்சீட்டு ஒன்றையும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். அந்த ஆட்டம் பலகையில் ஏறவில்லை. ஒரு கையொப்பம் இல்லையே.

அதன்பிறகு அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நான் பார்க்கப் போகவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். ஒவ்வொரு நாளும் வேலை முடிய ஆஸ்பத்திரி வீதியால்தான் சைக்கிளில் வருவேன், வாசல் வந்ததும் மிதிக்கிற வேகம் கூடும். அவன்தானே கையொப்பம் வைக்கவில்லை, அவன்தானே எல்லார் முன்னாலும் பிச்சை என்றான் என்று எனக்குள்ளே நியாயம் பேசிக்கொள்வேன். இரண்டு கிழமை கழித்து, புல்மோட்டைக்காரர் இறங்குதுறை வாசலுக்கு என்னைத் தேடி வந்தார். வார்டில் இருந்து அவன், ஒரு வேலை மிச்சம் கிடக்கு வரச்சொல்லு என்று சொல்லிவிட்டானாம். மன்னிப்புக் கேட்க வைக்கத்தான் கூப்பிடுகிறான் என்று எண்ணிக்கொண்டேன். கோதுமைக் கப்பல் ஒன்று வருகிறது, ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றேன். கப்பல் வந்தது உண்மைதான். ஆனால் புதனும் வியாழனும் எனக்கு லீவு. அவன் வெள்ளிக்கிழமை போய்விட்டான்.

சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். பாரமே இல்லை. அவனுடைய மனைவி என்னோடு கதைக்கவில்லை, அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வெளியே வரும்போது அவர் என்னை மறித்து அந்த பிஸ்கட் ரின்னைத் தந்தார்.

"கடைசி ரெண்டு கிழமையும் கட்டில்ல இருந்து இதைத்தான் எழுதினவர், அண்ணா," என்றார். "நீங்கள் வருவீங்கள் எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டவர். இதை வீசச் சொல்லியும் மனம் வந்திது. அவருக்காகத் தாறன்."

அடுத்த நாள் காலை, என் மனைவி வேலைக்குப் போனபிறகு ரின்னைத் திறந்தேன். மேலே அவனுடைய கட்டத்தாள்கள். மேசை முழுவதையும் அளவெடுத்து வரைந்திருந்தான். ஐந்தாவது சுற்றின் முடிவில் ஒவ்வொரு கப்பலும் நின்ற இடம், முகம் பார்த்த பக்கம், வேகம். அடுத்த தாளில் ஆறாவது சுற்று. அவனுடைய ஓடரும் இருந்தது, என்னுடைய ஓடரும் இருந்தது. நான் எழுதியது அல்ல, எழுதியிருக்க வேண்டியது. தாய்க்கப்பல், வேகம் ஆறு, இடப்பக்கம். என் கப்பல் ஒவ்வொன்றையும் நான் எப்படிச் செலுத்துவேனோ அப்படியே செலுத்தியிருந்தான். இரண்டு பேருக்கும் தாயக்கட்டை அவனே உருட்டி, விழுந்ததை விழுந்தபடி எழுதியிருந்தான். எனக்கு நல்ல கட்டைகள் விழுந்திருந்தன. அவனுடைய சின்னக் கப்பல் ஒன்றை என் கணக்கில் உடைத்திருந்தான். ஏழாவது சுற்றில் என்னுடைய சேதப்பட்ட நடுத்தரக் கப்பல் முழுதாக உடைந்தது. எனக்கு இருநூற்றைம்பது, அவனுக்கு இருநூறு. பொய் எழுத நினைத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவன் எழுதவில்லை.

எட்டாவது சுற்றின் தாளில் கப்பல்கள் நிற்கும் இடம் மட்டும் இருந்தது. கூடவே ஸ்டேப்ளர் அடித்து மூடிய ஒரு சீட்டு, அது அவனுடைய ஓடர். இன்னொரு சீட்டில் என் கப்பல்கள் இரண்டின் பெயரும் அவனுடைய அச்சுப்போன்ற எழுத்தில், பக்கத்தில் வெறும் கோடு. கீழே பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தான்: 'ஆறும் ஏழும் எனக்குத் தெரியும். எட்டாவது அவன் தானே எழுத வேணும்.'

எல்லாவற்றுக்கும் அடியில் புள்ளிச்சீட்டு. புள்ளிகளுக்கான இடம் வெறுமை. அவனுடைய இடத்தில் கையொப்பம் இருந்தது. கந்தோரில் வெறும் தாளில் ஒப்பம் வைக்க மாட்டேன் என்று மேலதிகாரியோடு முட்டிக்கொண்டவன், தன்னை ஏமாற்றிய ஒருவனை நம்பி வெறும் சீட்டில் ஒப்பம் வைத்திருந்தான். கடைசி எழுத்துக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் குசினியில் இருந்து அழுதேன்.

பிறகு ரின்னில் கிடந்த கப்பல்களை அவனுடைய தாளில் இருந்தபடி மேசையில் அடுக்கினேன். என் தாய்க்கப்பல் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஐம்பது புள்ளி முன்னுக்கு நிற்கிறேன். நிலையத்தைத் தொட்டு நின்றால் இன்னும் நூறு கிடைக்கும், ஆனால் அவனுடைய மிச்சக் கப்பல்கள் என்னைச் சுடலாம். ஓடினால் சூடு இல்லை. ஒழுங்கா விளையாடு என்று சொன்னவனுக்கு இந்த ஒரு தரமாவது ஒழுங்காக விளையாட வேண்டும், அவனுக்காக எதையும் மாற்றி எழுதக்கூடாது. யோசித்து யோசித்து, நான் எப்போதும் எழுதுவதை எழுதினேன். இரண்டு கப்பலும் திருப்பம், முழு வேகம், என் விளிம்பால் வெளியே. எழுதியதன் மேல் ஒரு உடைந்த கப்பலை வைத்தேன். அதன்பிறகு ஸ்டேப்ளர் கம்பியை நகத்தால் எடுத்து அவனுடைய சீட்டைத் திறந்தேன்.

தாய்க்கப்பலும் நடுத்தரமும் பின்வாங்கல். சின்னக் கப்பல், வேகம் பத்து, நேரே நிலையத்துக்கு.

அளவு நாடாவை வைத்தேன். அவனுடைய சின்னக் கப்பல் மூடியைத் தொட்டு நின்றது. மிச்சமிருந்த ஒற்றைச் சின்னக் கப்பல். சுடுவதற்கு என் கப்பல் ஒன்றும் மேசையில் இல்லை. தாயக்கட்டையை எடுக்க வேண்டிய வேலையே வரவில்லை. மூன்று தரம் எண்ணினேன். அவனுக்கு முந்நூறு, எனக்கு இருநூற்றைம்பது. நான் நின்றிருந்தால் என்னிடம் தோற்றிருப்பான். நான் ஓடுவேன் என்று பந்தயம் கட்டி, ஆனாலும் அதை என் கையாலேயே எழுத விட்டு, வென்றிருந்தான். என் தயவு அவனுக்குத் தேவைப்படவில்லை. நான் அவனுக்கு ஒரு வெற்றியைக் கொடுக்கவில்லை, அவனுடைய வெற்றியைப் பறித்திருக்கிறேன்.

புள்ளிகளை எழுதிக் கையொப்பம் வைத்தேன். அன்றைக்கே பஸ் ஏறிப் புல்மோட்டைக்குப் போய் அவரிடம் கொடுத்தேன். அவர் வழக்கம்போல முதலில் இரண்டு கையொப்பத்தையும் பார்த்தார், பிறகு கூட்டலைச் சரிபார்த்தார். தன் கொப்பியில் பதிந்தார்.

பலகையில் அவனுடைய பெயரை யார் எழுதுவது என்ற கேள்வி வந்தது. எழுதத் தெரிந்தவன் போய்விட்டான். நான்தான் எழுதினேன். என் எழுத்து கோணல், அடிக்கோடும் நேராக வரவில்லை. இனி எப்ப நீ என்னை வெல்லப் போறாய் என்று நான் கேட்டதற்கு, புதன்கிழமையோ வியாழக்கிழமையோ வந்து ஒரு ஓடர் எழுதிவிட்டுப் போ என்பதுதான் அவனுடைய பதிலாக இருந்திருக்கிறது. அந்த இரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன்.